முகப்பு விளக்கின் மூட்டம்

பகலில் வண்டி செலுத்துவோனுக்குக் கதிரவன் ஒளி துணை செய்கிறது. இரவில் அவனுக்குத் துணையாவன வண்டியின் முகப்பில் அமைந்த இரண்டு விளக்குகளே. அவை எரிகின்றனவா என்பதை எல்லோரும் பார்க்கின்றனர். அவற்றின் ஒளி சாலையைச் சென்று சேர்கிறதா என்று பார்ப்போர் மிகச் சிலர்.

நகரத் தெரு ஒன்றில் வரிசையாக நிற்கும் கார்களை உற்று நோக்கினால் இவ்வுண்மை விளங்கும். புதிய வண்டிகளின் விளக்கு முகம் பளிங்குபோல் தெளிந்திருக்கும். உள்ளேயுள்ள குமிழும் கிண்ணமும் தெரியும். பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய வண்டிகளிலோ அம்முகம் பழுப்பேறி, பாலாடை படர்ந்தாற்போல் மங்கியிருக்கும். முதியவர் கண்ணில் புரை வளர்ந்தது போன்றது இது என்று பலர் கூறுவர். உவமை நல்லதே, ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கண்ணில் புரை தோன்றுவது உள்ளே. விளக்கில் மூட்டம் தோன்றுவது பெரும்பாலும் புறத்தே. புறத்தே தோன்றுவதனாலேயே அதனை வீட்டு வாசலில் அமர்ந்து, சில மணி நேர உழைப்பால் நீக்க முடிகிறது.

பழைய வண்டிகளில் இக்குறை இருந்ததில்லை. அக்காலத்து அம்பாசடர் காரின் வட்ட விளக்குகள் கண்ணாடியால் ஆனவை. கண்ணாடி உடையும், சாலை மணல் பட்டுச் சிறிது தேயவும் செய்யும், ஆனால் வெயிலில் நின்று பழுக்காது. அமெரிக்க நாட்டில் 1940-ஆம் ஆண்டு முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, குமிழும் கிண்ணமும் முகக் கண்ணாடியும் ஒன்றாக மூடப்பட்ட விளக்குகளே வண்டிகளில் அமைந்தன. 1983-ஆம் ஆண்டில் அந்நாட்டு விதி தளர்த்தப்பட்டது. மறு ஆண்டிற்குரிய லிங்கன் காரின் புதிய வகையொன்று, பிளாஸ்டிக் முகமும் மாற்றத்தக்க குமிழும் உடைய விளக்குகளோடு வெளிவந்தது. பின்னர் 1990-களில் ஐரோப்பாவும் அவ்வழியே சென்றது. இன்று புதிதாக வரும் கார்களில் கண்ணாடி முகம் கொண்ட விளக்கைக் காண்பது அரிது.

கண்ணாடியைக் கைவிட்டது ஏன் என்று கேட்கலாம். கண்ணாடியின் எடையில் ஏறத்தாழப் பாதியே பிளாஸ்டிக்கின் எடை. வண்டியின் முகத்திற்கு ஏற்றவாறு அதனை வளைத்து வார்க்கலாம். கல் பட்டால் அது சில்லுச் சில்லாகச் சிதறுவதில்லை. இவ்வளவு நன்மைகளும் உடைய அப்பொருளின் பெயர் பாலிகார்பனேட் என்பது.

பாலிகார்பனேட் கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. 1953-ஆம் ஆண்டில் செருமனியில் பாயர் நிறுவனத்தைச் சேர்ந்த ஹெர்மன் ஷ்னெல் என்பவரும், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த டேனியல் ஃபாக்ஸ் என்பவரும், ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமலே அதனை ஆக்கினர். ஃபாக்ஸ் தேடியது மின்கம்பிக்கு ஏற்ற உறைப்பொருள் ஒன்றை. அவருடைய குடுவையில் விளைந்த கூழ் இறுகிக் கலக்கும் கோலோடு கட்டியாகப் பற்றிக்கொண்டது. அக்கட்டியை உடைக்க முயன்றும் இயலவில்லை. முடிவில் அதனைக் கொண்டு ஆணி அடித்துப் பார்த்தனர் என்று கூறுவர். 1969-ஆம் ஆண்டில் திங்களில் இறங்கிய விண்வெளி வீரர்களின் தலையைக் காத்த தெளிந்த கவிகையும் இப்பொருளால் ஆனதே.

இத்துணை வலிமை வாய்ந்த பொருளுக்கும் இரண்டு பகைகள் உண்டு. சம்மட்டி அடியைத் தாங்கும் பாலிகார்பனேட், சிறு மணல் துகளின் உராய்வைத் தாங்குவதில்லை. எளிதில் கீறல் விழும். கதிரவன் ஒளியில் கலந்துள்ள புறஊதாக் கதிர்களையும் அது பொறுப்பதில்லை. அக்கதிர்கள் அதன் மேற்பரப்பிலுள்ள நீண்ட மூலக்கூறுகளை அறுக்கின்றன. அறுந்தவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி, மஞ்சள் நிறமுடைய வேறு பொருள்களாக மாறுகின்றன. இக்குறைகளை விளக்குச் செய்வோர் அறியாதவர் அல்லர். ஆதலின் அவர்கள் பிளாஸ்டிக்கை வெறுமேனியாக விடுவதில்லை. அதன்மீது கெட்டியான தெளிந்த பூச்சு ஒன்றை ஏற்றுகின்றனர். புறஊதாக் கதிர்களைத் தானே விழுங்கிக்கொள்ளும் பொருள் அப்பூச்சில் கலந்திருக்கிறது. அதன் பருமன் மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே. விளக்கின் தெளிவு முழுவதும் அந்த மெல்லிய போர்வையை நம்பியிருக்கிறது.

ஆண்டுகள் செல்லச் செல்ல அப்போர்வை வெயிலை விழுங்கி விழுங்கித் தானே நலிகிறது. சாலைப் புழுதியும் பூச்சிகளும் துடைக்கும் துணியும் அதனைத் தேய்க்கின்றன. ஓரிடத்தில் அது கிழிந்ததும் வெயில் நேரே பிளாஸ்டிக்கின்மேல் விழுகிறது. மங்கிய விளக்குகளைக் கவனித்தால், வானத்தை நோக்கியிருக்கும் மேல் விளிம்பே முதலில் பழுப்பதையும் கீழ்ப்பகுதி பின்னும் தெளிவாயிருப்பதையும் காணலாம். நாள்தோறும் ஒரே இடத்தில் நிறுத்தப்படும் வண்டியில், வெயில் படும் பக்கத்து விளக்கு ஒன்று மங்கி, சுவரின் நிழலில் நிற்கும் மற்றொன்று தெளிந்திருப்பதும் உண்டு. குற்றவாளி யார் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

விளக்கு மங்குதல் அழகுக் குறை மட்டும் என்று கருதுவோர் உளர். 2018-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் இதனை அளந்து பார்த்தது. மங்கிப் பழுத்த விளக்கு, தாழ்ந்த ஒளியில், புதிய விளக்குத் தரும் ஒளியில் நூற்றுக்கு 22 பங்கே தந்தது. எஞ்சிய ஒளியில் ஒரு பகுதி மூட்டத்தில் அடங்கிவிடுகிறது. மற்றொரு பகுதி நாலாபுறமும் சிதறி, எதிரே வருவோன் கண்ணைக் கூசச் செய்கிறது. சாலைக்குப் பயன்பட வேண்டிய ஒளி எதிரே வருவோனுக்குத் தொல்லையாகிறது.

இதன் பொருளை ஒரு சிறு கணக்கால் அறியலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கும். ஓட்டுநன் ஒன்றைக் கண்டு, திடுக்கிட்டு, காலால் பிரேக்கை அழுத்தி, உலர்ந்த சாலையில் வண்டி நிற்பதற்குள் ஏறத்தாழ 70 மீட்டர் ஓடிவிடும். நல்ல விளக்கின் ஒளியில் 80 மீட்டர் தொலைவிலுள்ள ஓர் ஆள் தெரிவதாகக் கொள்க. தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும் என்பது இயற்பியலில் பயின்ற விதி. அவ்விதியின்படி, விளக்கின் ஒளி நான்கில் ஒன்றாகக் குறைந்தால், அதே ஆள் 40 மீட்டர் தொலைவிற்கு வந்த பின்னரே அதே அளவு தெரிவான். வண்டி நிற்க வேண்டியதோ 70 மீட்டர். உண்மைச் சாலையில் தெருவிளக்கு, நிலவொளி, ஆளின் உடை நிறம் முதலியன இக்கணக்கைச் சிறிது மாற்றும். ஆனால் 70-க்கும் 40-க்கும் இடையேயுள்ள முப்பது மீட்டரை அவை முற்றும் ஈடு செய்துவிடா.

இவ்வளவு பெரிய குறை ஏன் கண்ணுக்குப் படுவதில்லை? அது நாளுக்குச் சிறிதாக வளர்வதே காரணம். நேற்றைய ஒளிக்கும் இன்றைய ஒளிக்கும் வேறுபாடு இல்லை. சென்ற மாதத்து ஒளியோ நினைவில் இல்லை. ஓட்டுநன் தன்னை அறியாமலே கண்ணை இடுக்கிக்கொள்ளப் பழகுகிறான். குறை விளக்கில் உள்ளது என்று அவனுக்குத் தோன்றுவதே இல்லை. வெளியார் ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாகர்கோவிலைச் சேர்ந்த கணக்கர் ஒருவருக்கு அவ்வாறு சொன்னவர் அவருடைய தாயார். பதினொரு ஆண்டுகள் ஓடிய கார் ஒன்று அவரிடம் இருந்தது. கண்புரைக்கு அறுவை செய்துகொண்ட தாயாரை, ஒரு மாதம் கழித்து மறுபார்வைக்காகத் திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்று, இரவில் திரும்பிக்கொண்டிருந்தார். பின்னிருக்கையில் பதினோராம் வகுப்பில் பயிலும் மகளும் இருந்தாள். காவல்கிணற்றைக் கடந்து முப்பந்தலை நெருங்கும்போது, முன்னிருக்கையிலிருந்த தாயார், "ஏன் மக்களே, விளக்கைப் போட்டிருக்கிறாயா?" என்று கேட்டார். "போட்டுத்தானே வருகிறேன், அம்மா" என்றார் மகன். "பின்னே ஏன் ரோடு தெரியவில்லை? எனக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறதே" என்றார் தாயார். அடுத்த சில நிமிடங்களில், மிதிவண்டியில் புல்லுக்கட்டை ஏற்றித் தள்ளிக்கொண்டு சென்ற முதியவர் ஒருவர் சாலையின் விளிம்பில் தோன்றினார். கணக்கர் அவரைக் கண்டபோது அவர் மிக அருகில் இருந்தார். பிரேக் கிறீச்சிட்டு வண்டி நின்றது. ஒருவருக்கும் ஊறு நேரவில்லை. எனினும் எஞ்சிய வழி முழுவதும் வண்டி மெதுவாகவே ஊர்ந்தது.

அவ்வழியில் ஓடும் வண்டிகளின் விளக்கு விரைவில் தேய்வதற்குக் காரணம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியாகிய ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று சீறிப் பாயும். முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல் நிற்பதும் அக்காற்றை நம்பியே. காற்றாலைக்கு நலம் செய்யும் அக்காற்று, தான் வாரிவரும் மணலால் வண்டியின் முகத்தை உராய்ந்தும் செல்கிறது.

மறுநாள் மெக்கானிக் ஒருவரிடம் காட்டியபோது, விளக்குகள் இரண்டையும் கழற்றிப் புதியன பொருத்துமாறு அவர் கூறினார். அவர் சொன்ன விலை சில ஆயிரங்களைத் தாண்டியது. அயல் வீட்டு நண்பர், பற்பசையைத் தேய்த்தால் போதும் என்றார். அவர் தம் வண்டிக்குப் பொங்கலுக்கு முன் அவ்வாறே செய்திருந்தார். பற்பசையில் நுண்ணிய தேய்ப்புப்பொடி உண்டு. ஆகவே சிறு மூட்டம் அதனால் நீங்குவது உண்மையே. ஆயினும் பொங்கலுக்குப் பளபளத்த அவ்விளக்கு, ஆடி பிறப்பதற்குள் முன்னிலும் மஞ்சளாகியிருந்தது. மகள் அதனைச் சுட்டிக் காட்டினாள். இதன் காரணம் எளிது: பற்பசை மூட்டத்தை நீக்கியபோது, எஞ்சியிருந்த பூச்சையும் சேர்த்து நீக்கிவிட்டது, வெயிலுக்குத் தடையாக மீண்டும் எதுவும் பூசப்படவில்லை.

கொசுவை விரட்டும் மருந்தைத் தெளித்துத் துடைப்பது மற்றொரு வழியாகப் பேசப்படுகிறது. அது பற்பசையினும் தீயது. அதிலுள்ள வேதிப்பொருள் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சிறிது கரைக்கிறது. கரைந்த பரப்புச் சமனாவதால் பளபளப்புத் தோன்றுகிறது. நாளடைவில் அங்கே நுண்ணிய வெடிப்புகள் எழுகின்றன. தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் ஆகியவையும் பாலிகார்பனேட்டுக்கு நஞ்சே. கரைப்பான் ஒன்றைச் சூடாக்கி, அதன் ஆவியை விளக்கின்மேல் பாய்ச்சிக் கணப்பொழுதில் பளிங்காக்கிக் காட்டுவோரும் உளர். காண வியப்பாக இருக்கும். அந்த ஆவியை மூச்சில் வாங்குவது உடலுக்குக் கேடு. அதுவும் வெயிலுக்கு எவ்விதக் காப்பும் அளிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தந்தையும் மகளும் வேலையைத் தொடங்கினர். முதலில் மகள் ஒரு குவளை நீரை விளக்கின் முகத்தில் ஊற்றினாள். ஈரம் பட்ட மாத்திரத்தில் மூட்டத்தில் பெரும்பகுதி மறைந்து, உள்ளிருக்கும் கிண்ணம் தெரிந்தது. உலர்ந்ததும் மீண்டும் மங்கியது. "அப்பா, இது வெளியே உள்ள கீறல்தான். நீர் பள்ளங்களில் நிரம்புவதால் ஒளி சிதறாமல் உள்ளே போகிறது" என்றாள். அவள் கூறியது சரியே. ஒளிவிலகல் எண் காற்றுக்கு ஏறத்தாழ 1, நீருக்கு 1.33, பாலிகார்பனேட்டுக்கு 1.58. கீறலில் காற்று நின்றால் ஒளி பெரிதும் வளைந்து சிதறும். நீர் நின்றால் அவ்வளவு சிதறாது. நீர் ஊற்றியும் மூட்டம் மறையாவிட்டால் குறை உள்ளே இருக்கிறது என்று அறியலாம். விளக்கின் ஒட்டு விட்டு ஈரம் உட்புகுந்திருக்கும். அல்லது வெடிப்பு ஆழமாகச் சென்றிருக்கும். வெளியே எவ்வளவு தேய்த்தும் அக்குறை தீராது. காசில்லாத இச்சோதனை பல மணி நேர வீண் உழைப்பைத் தடுக்க வல்லது.

விளக்கு அணைந்து குளிர்ந்திருக்கும் நேரமே இவ்வேலைக்கு ஏற்றது. சோப்பு நீரால் முகத்தை நன்றாகக் கழுவினர். அதனைச் சூழ்ந்துள்ள வண்ணப் பூச்சின்மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டினர். இச்சிறு வேலையைச் சோம்பலால் விட்டுவிடுவோர், விளக்கைத் தெளிவாக்கி வண்டியின் நிறத்தைக் கெடுத்துக்கொள்கின்றனர்.

அடுத்தது உப்புத்தாள். நீரில் நனைத்துத் தேய்க்கும் வகையைப் பட்டறைக்காரர் 'வாட்டர் பேப்பர்' என்பர். அதன் பின்புறத்தில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். எண் பெருகப் பெருகத் தாள் மென்மையாகும். தந்தை 600 எண்ணுள்ள தாளை எடுத்தார். சில துளி சோப்பு கலந்த நீரை மகள் இடைவிடாது ஊற்ற, அவர் இடமிருந்து வலமாகத் தேய்த்தார். வழிந்த நீர் மஞ்சளாக இருந்தது. அது நலிந்த பழைய பூச்சும் பழுத்த பிளாஸ்டிக்கும் ஆகும். மஞ்சள் மாறி வெள்ளை நீர் வரும்வரை அவர் ஓயவில்லை. புதிதாகச் செய்வோர் மனந்தளரும் இடம் இதுவே. ஏனெனில் இந்நிலையில் விளக்கு முன்னிலும் மோசமாக, சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்து நிற்கும். தாயார் வாசலுக்கு வந்து பார்த்து, "இருந்ததையும் கெடுத்துவிட்டீர்களே!" என்றார். பேத்தி சிரித்துக்கொண்டே, "கொஞ்சம் பொறுங்கள், ஆச்சி" என்றாள்.

600-க்குப் பின் 1000, பின் 1500, பின் 2000, முடிவில் 3000. ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் இட்ட கீறலை அழித்து, அதனினும் மெல்லிய கீறலை இடுகிறது. இவ்வேலையின் நுட்பம் திசையில் இருக்கிறது. முதல் தாளால் கிடையாகத் தேய்த்தால் இரண்டாம் தாளால் நெடுக்காகத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் கிடைக்கோடுகள் மறைந்தனவா என்பதைக் கண் அறியும். தாள் மாற்றுந்தோறும் விளக்கையும் கையையும் நீரையும் மாற்றிக் கழுவ வேண்டும். பருமணல் ஒன்று தங்கிவிட்டால், மெல்லிய தாளின் அடியில் அது புகுந்து நீண்ட கீறலை இழுத்துவிடும். ஈரத்தில் தேய்ப்பதால் தூசு பறப்பதில்லை; தாளும் அடைபடுவதில்லை. அவசரக்காரர் 600-லிருந்து 2000-க்குத் தாவுவர். அவர்கள் விளக்கில் ஆழ்ந்த கோடுகள் அப்படியே நிற்கும். மெருகு ஏற்றியபின் அவை முன்னிலும் தெளிவாகத் தெரியும்.

3000 முடிந்தபோது விளக்கு மெல்லிய பனி படர்ந்தது போல் இருந்தது. பிளாஸ்டிக்குக்கு உரிய பாலிஷை மென்மையான துணியில் எடுத்துச் சிறு வட்டங்களாகத் தேய்த்தனர். துரப்பண எந்திரத்தில் பஞ்சு வட்டு மாட்டியும் இதனைச் செய்யலாம். ஆனால் மெதுவாகச் சுழற்ற வேண்டும். ஓரிடத்திலேயே அழுத்தினால் உராய்வுச் சூட்டில் பிளாஸ்டிக் இளகிக் கறை விழும். கையால் செய்வதில் அந்த அச்சம் இல்லை, தோள்தான் வலிக்கும்.

பனி விலகியது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் கடையிலிருந்து வந்தபோது இருந்ததற்கு ஓரளவு ஒத்த தெளிவு தோன்றியது. தந்தை நிமிர்ந்து முதுகைத் தடவிக்கொண்டு, "முடிந்தது" என்றார்.

"முடியவில்லை, அப்பா. இப்போதுதான் இது ஒரு காப்பும் இல்லாமல் நிற்கிறது. அடுத்த வீட்டு மாமா இந்த இடத்தில்தான் நிறுத்தினார்" என்றாள் மகள்.

விளக்கைத் துலக்குவோரில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மூட்டத்தை நீக்குதல் என்பது நலிந்த போர்வையை உரித்தல்; உரித்தபின் எஞ்சுவது வெயில் தாங்காத வெறும் பிளாஸ்டிக். அதன் பளபளப்பு எவ்வளவு உயர்ந்ததாயினும் சில மாதங்களில் அழியும். ஆகவே இவ்வேலையில் மெருகு நடுவழியே, பூச்சே ஊர். கடைகளில் இதற்கென விற்கும் பெட்டிகளில் தாளும் பாலிஷும் பெரியனவாக இருக்கும். பூச்சு ஒரு சிறு உறையில் மூலையில் கிடக்கும். அச்சிறு உறையே அப்பெட்டியில் விலைமதிப்புள்ளது. அது இல்லாத பெட்டியை வாங்குவதினும் வாங்காமலிருப்பது மேல்.

புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சுகள் பலவகை. துணியால் துடைத்தே பூசத்தக்கவை சில. தெளிப்புக் குப்பியில் வரும் 'கிளியர் கோட்' சில. அவற்றுள், கெட்டியாக்கும் பொருளைத் தனியே கலந்து தெளிக்கும் இருபகுதிப் பூச்சு நெடுநாள் உழைக்கும். ஆனால் அந்தக் கெட்டிப்பொருளில் நுரையீரலைத் தாக்கும் ஐசோசயனேட்டுகள் உண்டு. தக்க முகக்கவசம் உடைய பட்டறைக்காரரே அதனைக் கையாள வேண்டும். மாணவர் அணுகத் தக்கதன்று. தெளிந்த காப்புப் படலத்தை ஒட்டுவதும் ஒரு வழி. கார் மெழுகு பூசினால் சில வாரங்கள் காக்கும். பின் மீண்டும் பூச வேண்டும்.

தந்தையும் மகளும் துடைத்துப் பூசும் வகையைக் கொண்டனர். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்ந்த துணியால் விளக்கைத் துடைத்து, பாலிஷின் எண்ணெய்ப் பசையைப் போக்கினர். பசை இருக்கும் இடத்தில் பூச்சுப் பற்றாது. நண்பகல் வெயிலில் பூச்சு விரைந்து உலர்ந்து கோடு விழும் என்பதால், வண்டியை வேப்ப மரத்து நிழலுக்குத் தள்ளினர். காற்று அடங்கும்வரை காத்திருந்தனர். அவ்வூரில் அதற்குச் சிறிது பொறுமை வேண்டும். மகள் கையுறை அணிந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே இழுப்பாக, மேலிருந்து கீழாக வரிவரியாகப் பூசினாள். பூசிய இடத்தை மீண்டும் தொடவில்லை. நீர் ஊற்றியபோது கண்ட அதே வியப்பு இப்போது நிலைத்து நின்றது. மெல்லிய கீறல்களைப் பூச்சு நிரப்பியதால், எஞ்சியிருந்த சிறு மங்கலும் மறைந்தது. அன்று இரவு பனி படாமல் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தினர்.

மறுநாள் மாலை, இருட்டியபின், வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி விளக்கைப் போட்டனர். இதுவரை மங்கிய வட்டமாகப் பரந்து தோன்றிய ஒளி, இப்போது மேல் விளிம்பு வெட்டினாற்போல் நேர்க்கோடாக நின்றது. தாழ்ந்த ஒளிக்கு அந்தக் கோடு இன்றியமையாதது. அதன் கீழே விழுவது சாலைக்கு. மேலே எழுவது எதிரே வருவோன் கண்ணுக்கு. இடப்புறத்து விளக்கின் கோடு சிறிது உயர்ந்திருந்ததைக் கண்டு, தந்தை அதன் பின்னாலுள்ள திருகைத் திருப்பிச் சரிசெய்தார். தெளிவான விளக்கு தவறான இடத்தை நோக்கினால், மங்கிய விளக்கினும் பிறருக்கு மிகுந்த இடர் செய்யும்.

வலப்புறத்து விளக்கின் மேல் மூலையில் மயிரிழை போன்ற சில வெடிப்புகள் எஞ்சியிருந்தன. அவை ஆழ்ந்தவை, தேய்ப்பதால் போகா. துலக்கிய விளக்கு புதியதற்கு முற்றும் ஈடாகாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மேலே கூறிய அமெரிக்கச் சங்கத்தின் ஆய்வில், துலக்கிய விளக்குகள் புதிய விளக்கின் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு தந்தன. கூசும் ஒளியும் விதி இசையும் அளவினும் சிறிது மிகுந்திருந்தது. 22-ஐ 70 ஆக்குவது சிறு செயல் அன்று. ஆனாலும் வெடிப்பு மிகுந்த விளக்கையும், உள்ளே கிண்ணத்தின் வெள்ளிப்பூச்சு கருகிய விளக்கையும் மாற்றுவதே தக்கது. அங்கே மெக்கானிக் சொன்னதே சரி.

தந்தை திருகாணியைப் பையில் வைத்துக்கொண்டிருக்கையில், மகள் எஞ்சிய மாஸ்கிங் டேப்பில் ஒரு துண்டைக் கிழித்து, அன்றைய தேதியையும் பூச்சின் பெயரையும் பேனாவால் எழுதி, பானட்டைத் தூக்கி அதன் உட்புறத்தில் ஒட்டினாள். "எதற்கு இது?" என்று கேட்டார் தந்தை. "அடுத்த ஆண்டு இதே மாதம் பார்க்க வேண்டும், அப்பா. பூச்சுத் தேயத் தொடங்கினால், பிளாஸ்டிக் பழுப்பதற்கு முன் மேலே ஒரு பூச்சு ஏற்றினால் போதும், உப்புத்தாள் வேண்டாம்" என்றாள். அவர் பானட்டை மூடினார்.